உறவின்மைச் சான்று

திங்கட்கிழமை காலையில் பஞ்சர் அக்காவின் அடையாள அட்டையை வாசல் கதவு ஏற்றுக்கொண்டது. லிஃப்ட் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்தாம் மாடிப் பொத்தானை அமுக்கினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. நான்கை அமுக்கினாள், மூன்றை அமுக்கினாள், அதே சிவப்பு. எரிச்சலில் கீழ்த்தளப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். பச்சை எரிந்தது. லிஃப்ட் அவளை ரொம்ப மரியாதையாகப் பூமிக்கு அடியில் கொண்டுபோய் விட்டது.

அங்கே ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் அவளுடைய மேசை அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. நாற்காலி முதுகில் வெள்ளிக்கிழமை அவள் மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர் அப்படியே தொங்கியது. யாரோ அதை மடித்துக்கூடப் போடாமல், தொங்கியது தொங்கியபடி தூக்கி வந்திருந்தார்கள்.

எதிர் மேசையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. அலுவலகத்தின் பெரிய கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். முகம் எல்லோருடைய சித்தப்பா மாதிரியும் இருந்ததால் அப்படி ஒரு பெயர்.

"வாம்மா," என்றார். "இங்க ஏசி கிடையாது. ஆனா ஜெனரேட்டர் ஓடும்போது நாற்காலி நடுங்கும் பாரு, முதுகுவலிக்கு அவ்வளவு நல்லது."

"எதுக்கு நம்மளை இங்க போட்டிருக்காங்க?"

"கதவுல எழுதியிருக்கே, பார்க்கலையா?"

அவள் திரும்பிப் போய்ப் பார்த்தாள். கதவில் புதுப் பலகை. 'ஆதாரமற்றோர் அறை.'

அது ஒரு காப்பீட்டு நிறுவனம். யாராவது செத்தாலோ காலை உடைத்துக்கொண்டாலோ அவர்கள் குடும்பத்துக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கணக்குப் போடும் புரோகிராம்களை அக்கா எழுதி வந்தாள். புரோகிராம் எங்கே நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் வந்து ஓட்டையை அடைத்துவிட்டுப் போவாள். அதனால்தான் பஞ்சர் அக்கா. தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், பக்கத்து இருக்கைக்காரர் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகினாள். அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் ஓய்வு பெற்று, அவருடைய பேரன் கல்யாணமும் முடிந்துவிட்டது. கல்லூரிக்கு அவள் ஒரு வருஷம் போனாள். சலிப்பாக இருந்தது, நின்றுவிட்டாள். இதில் சோகக் கதை எதுவும் இல்லை. சோகக் கதை உள்ளவர்களுக்கு மட்டும் ஆறு மாதச் சலுகை உண்டு என்று அதிகாரிகள் பிறகு அறிவித்தபோது, தன் வாழ்க்கையில் அப்படி ஒன்றும் நடந்து தொலைக்கவில்லையே என்று அவள் மனதார வருத்தப்பட்டாள்.

அன்று மதியமே எல்லோரையும் பெரிய கூடத்தில் கூட்டினார்கள். நிறுவனத்தில் 'தகுதி மெய்ப்பிப்புத் துறை' என்று புதிதாக ஒன்று பிறந்திருந்தது. அதன் தலைவர் ஒல்லியான மனிதர். தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசினார். மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டதால் அவர் மூச்சு விடுவது பேச்சைவிடத் தெளிவாகக் கேட்டது.

"உங்களுக்கு ஒரு நல்ல செய்தி," என்றார். "யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். அந்தக் காட்டுமிராண்டித்தனம் எங்க துறைக்குப் பிடிக்காது. நீங்க அப்படியே இருப்பீங்க. வேலைதான் உங்களை விட்டுப் போகும். மெதுவா. வலிக்காம."

கைதட்டினார்கள். ஆதாரமற்றோர் கடைசி வரிசையில் இருந்ததால் அவர்களும் முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"டாக்டர்கிட்ட போறீங்க. பட்டம் படிச்சவரான்னு பார்ப்பீங்களா, மாட்டீங்களா?" என்று தலைவர் தொடர்ந்தார்.

அது நியாயமான கேள்வியாகத்தான் அக்காவுக்குப் பட்டது.

"ஒருத்தர் ரொம்ப வருஷமா புரோகிராம் எழுதறார். சந்தோஷம். தெரிஞ்சு எழுதறாரா, தெரியாம எழுதறாரா? 'அதுதான் ஓடுதே'ன்னு சொல்வீங்க. ஓடறதெல்லாம் சரியா? திருடன்கூடத்தான் ஓடறான்." அவர் கொஞ்சம் நிறுத்தி, எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை மூச்சு விட்டார். "எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஒரு வரிகூடத் தெரியாது. அதனாலதான் இந்தப் பொறுப்பை என்கிட்ட குடுத்திருக்காங்க. தெரிஞ்சவன் எழுதினதைப் படிச்சுப் பார்ப்பான். படிச்சா மனசு இளகிடும். எனக்கு அந்த ஆபத்து கிடையாது."

அடுத்த வாரம் அக்காவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் தலைவரும், அவருக்கு இருபுறமும் தலையாட்டுவதற்கு இருவரும் இருந்தார்கள்.

"கம்ப்யூட்டர்னா என்ன?" என்று தலைவர் கேட்டார்.

அக்கா குழம்பினாள். "இதோ, உங்க முன்னாடி இருக்கே..."

மூன்று பேரும் குனிந்து குறித்துக்கொண்டார்கள். தலையாட்டுகிறவர்களில் ஒருவர் அனுதாபமாக, "பாடப்புத்தகத்துல நாலு வரி இருக்கும்மா," என்றார்.

"இழப்பீட்டுப் புரோகிராமை நீங்கதான் எழுதினதா சொல்றீங்க. யார் பார்த்தா?"

"ஒவ்வொரு பக்கத்து மேலயும் என் பேர் இருக்கும் சார்."

"கழிப்பறைச் சுவர்லகூடப் பேர் இருக்கும். அதுக்காகச் சுவரைக் கட்டினது அவங்களா?"

அந்தப் புரோகிராம் ஒவ்வொரு நாளும் ஓடுகிறது, அவள் இல்லாவிட்டால் யார் எழுதியிருப்பார்கள் என்று கேட்டாள். அதைக் கண்டுபிடிக்கத்தான் துறை ஏற்பட்டிருக்கிறது என்றார் தலைவர்.

முடிவு எழுத்தில் வந்தது. இனி அவள் எழுதுவதைப் பட்டம் பெற்ற ஒரு சான்றாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதுவரை அவள் எழுதுவது எழுதப்படாததாகக் கருதப்படும். அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள், நிறுவனமும் அதை ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. நன்றாக ஓடினால் அது எழுதப்படாதது. கோளாறு வந்தால் அவள் எழுதியது.

சரி, பட்டத்தையே வாங்கிவிடுவோம் என்று ஒரு நாள் மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போனாள். ஊழியர்கள் மாலைக் கல்லூரியில் படிக்க நிறுவனமே ஏற்பாடு செய்திருந்தது. அங்கிருந்த எழுத்தர் அவள் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஆதாரமுள்ள ஊழியர்களுக்குத்தாங்க."

"டிகிரி இல்லாததாலதான் எனக்கு ஆதாரம் இல்லன்னு சொல்றாங்க. டிகிரி படிக்கத்தானே வந்திருக்கேன்?"

"அப்படிப் போட்டுக் குழப்பிக்காதீங்க. பட்டம் படிக்கப் பட்டம் வேண்டாம். தகுதி போதும். தகுதிக்குத்தான் பட்டம் வேணும்." குரலைத் தாழ்த்தினார். "நானே ரெண்டு வருஷமா விண்ணப்பிக்கணும்னு பார்க்கறேன். என்னை இந்த நாற்காலியில பார்த்துட்டு, எனக்கு டிகிரி இருக்கும்னு நெனச்சுட்டாங்க. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இதற்கிடையில் சித்தப்பா மெதுவாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்.

முதலில் தொலைபேசிப் பட்டியலிலிருந்து அவர் பெயர் போனது. பிறகு கேண்டீனில் அவர் அட்டையைத் தேய்த்தால் 'வருகைக்கு நன்றி' என்று வந்தது. "எங்கயும் வரவேற்கல, நேரா நன்றிதான்," என்று சிரித்தார். அக்கா தன் சாப்பாட்டில் பாதியைத் தள்ளி வைத்தாள். ஒரு நாள் துப்புரவுப் பணியாள் அவர் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியோடு சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனாள். அதற்கும் சிரித்தார். மறுநாள் அவர் வரவில்லை. நாற்காலியும் இல்லை. தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது.

அக்கா துறைக்குப் போய் விசாரித்தாள்.

"யாரு?" என்றார்கள்.

"சித்தப்பா."

"உங்களுக்குச் சித்தப்பாவா?"

"இல்ல, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"எல்லாருக்கும் சித்தப்பான்னு ஒருத்தர் இருக்க வாய்ப்பில்லையே," என்று கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். வெற்றுத் திரை.

சனிக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனாள். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். சித்தப்பா பால்கனியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக, நன்றாகத் தூங்கியவர் மாதிரி இருந்தது.

"என்ன சித்தப்பா, சொல்லாமக் கொள்ளாம வேலையை விட்டுட்டீங்க?"

"எந்த வேலை?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அங்க நான் வேலையே பார்க்கலையேம்மா. எழுதிக் குடுத்துட்டேன். அப்படி எழுதிக் குடுத்தாத்தான் செட்டில்மெண்ட் தருவோம்னாங்க."

"வேலையே பார்க்காத ஆளுக்கு எதுக்கு செட்டில்மெண்ட்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். மனிதாபிமானம்னு சொன்னாங்க." குவளையைக் கீழே வைத்தார். தெருவை எட்டிப் பார்த்தார். எதிர்ச் சாரியில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. அது யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் திரும்பி, அவள் முகத்தை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆமா, நீங்க யாரும்மா? வீடு மாறி வந்துட்டீங்களோ?"

அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். காபி போடப் போகிறாள் என்று நினைத்து அக்கா சிறிது நேரம் நின்றாள். காபி வரவில்லை. தானே கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் கோடையில் அக்காவின் மகள் படிப்பை முடித்தாள். கணினிப் படிப்புத்தான். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த நிறுவனங்களில் அம்மாவின் நிறுவனமும் ஒன்று. மகளுக்கு ஐந்தாம் மாடியில், ஜன்னல் ஓரம் இடம் கொடுத்தார்கள். முன்பு அக்கா உட்கார்ந்திருந்த இடம் அது. காலையில் இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கி, ஒரே லிஃப்டுக்குக் காத்திருந்து, ஒருத்தி மேலேயும் ஒருத்தி கீழேயும் போனார்கள்.

சான்றாளர்களைக் கணினியே குலுக்கி ஒதுக்கியது. அக்காவுக்குச் சான்றாளராக அவள் மகளே வந்தாள். கணினிக்கு உறவுமுறை தெரியாது.

"உன் புரோகிராமை எனக்குக் குடுத்திருக்காங்கம்மா," என்று மகள் வீட்டுக்கு வந்து சொன்னபோது, வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா கையை உயர்த்தி, "வாத்தியாரம்மா வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மகள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, ஒரே நொடியில ரெண்டு பேர் இழப்பீட்டு மனு போட்டா என்னாகும்?" என்றாள்.

"ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போகும்."

"போகாது. ஒண்ணு இன்னொண்ணை அழிச்சுடும். இங்க பாரு."

அக்கா பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்த ஓட்டை. எத்தனை பேருடைய மனு அதில் விழுந்து காணாமல் போயிருக்கும் என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தாள், முடியவில்லை. "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணாவது செமஸ்டர்ல இதுக்குன்னே ஒரு பாடம் இருக்கும்மா. ரொம்ப போர். ஆனா நல்ல பாடம்."

"அந்த மனுஷன் கூட்டத்துல இதைச் சொல்லியிருந்தா, நானே போய் உன்கூட பெஞ்சுல உக்காந்திருப்பேனே," என்றாள் அக்கா. மகளின் தலையைக் கலைத்துவிட்டாள். இருவரும் சேர்ந்து ஓட்டையை அடைத்தார்கள். மகள் பாடத்தில் படித்ததைச் சொன்னாள், அக்கா அதை அந்தப் பழைய புரோகிராமில் எங்கே நுழைப்பது என்று சொன்னாள். மகள் கையெழுத்திட்டாள். அந்த மாதம் லிஃப்ட் அக்காவை முதல் மாடிவரை போக அனுமதித்தது.

பிறகு துறை இருவரையும் கூப்பிட்டது.

"விலாசம் ஒண்ணா இருக்கு," என்றார் தலைவர் மெதுவாக. "உறவுக்காரங்க சான்றளிக்கக் கூடாதுன்னு விதி."

"அப்போ வேற ஆளைப் போடுங்க சார்," என்றாள் அக்கா.

"வேற ஆள் இல்லம்மா. எல்லாரையும் ஒதுக்கியாச்சு. உங்க பொண்ணு மாதிரி நல்ல சான்றாளரை மாத்தவும் எனக்கு மனசில்ல. சான்றாளர் சரியாத்தான் இருக்காங்க. நீங்களும் சரியாத்தான் இருக்கீங்க. கோளாறு எங்க இருக்கு? உறவுல. அதைத்தான் சரிபண்ணணும்."

"அதை எப்படி சார்? நான் பெத்த பொண்ணு."

"ஆதாரம்?"

"பிறப்புச் சான்றிதழ் வீட்டுல இருக்கு."

"அது வீட்டுலயே இருக்கட்டும்." அவர் கையைக் காற்றில் அமுக்கினார், எதையோ தூங்கவைப்பதுபோல. "கொண்டு வந்தா உறவு உண்டு. கொண்டு வராட்டி இல்ல. எங்க துறை யாரையும் பொய் சொல்லச் சொல்லாது. நீங்க உண்மையைக் கொண்டுவர வேண்டாம்னுதான் சொல்றோம். ரெண்டு பேரும் 'எனக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை'ன்னு எழுதிக் குடுத்தா முடிஞ்சுபோச்சு. இல்லேன்னா, உங்க எழுத்துக்குச் சான்று இல்ல. சான்று இல்லாத எழுத்தை எழுதினவங்க..." வாக்கியத்தை முடிக்காமல் மேசைமேல் இருந்த கணினியின் வெற்றுத் திரையை லேசாகத் தட்டினார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னார்கள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். பணிமனையை மூடிவிட்டார்கள். இப்போது வாசலில் இரு சக்கர வண்டிகளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்குவதில்லை. வீடு அக்காவின் சம்பளத்தில் நின்றது. மகளுக்கு இன்னும் பயிற்சிச் சம்பளம்தான்.

"கையெழுத்துதானே," என்றார். "போட்டுட்டு வந்து சாப்பிடுங்க. பேனா பட்டதும் தொப்புள்கொடி ரெண்டு தடவை அறுந்துடுமா என்ன?" பிறகு கொஞ்சம் யோசித்தார். "நான் உங்களுக்கு யாருன்னு கேப்பாங்களா?"

"உங்களைப் பத்திப் பேச்சே இல்ல."

"கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லிக்கறோம்."

"சாப்பாடு போடுவீங்கல்ல?" என்றார். மூவரும் சிரித்தார்கள்.

எழுதிக் கொடுக்கும் நாளன்று துறையில் மகளை முதலில் கேட்டார்கள். "இந்தப் பெண்மணி உங்களுக்கு யார்?"

"யாரும் இல்ல சார்," என்றாள் மகள். வேகமாக எழுதிக் கையெழுத்திட்டு, பேனாவை மூடியும் வைத்துவிட்டாள். எவ்வளவு தைரியம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தன் முறை வந்தபோது பேனாவைத் திறக்கவே அவளுக்கு நேரமாயிற்று. "எந்த உறவும் இல்லை" என்பதில் 'உற' எழுதியபின் அடுத்த எழுத்து ஞாபகம் வரவில்லை. தலையாட்டுகிறவர் ஒருவர் எழுத்துக்கூட்டி உதவினார்.

"அருமை," என்றார் தலைவர். "இப்போ விலாசம். உறவில்லாதவங்க ஒரே வீட்டுல இருந்தா ஊர் தப்பாப் பேசும். நீங்க அந்த வீட்டுல குடித்தனக்காரின்னு இருக்கட்டும். முன் அறை உங்களுது. வீட்டுக்காரர் வேற, அவர் பொண்ணு வேற. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்க கள ஆய்வாளர் வருவாங்க. ரொம்ப நல்ல மாதிரி. சும்மா உக்காந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க."

அந்த வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. சுவரில் இருந்த குடும்பப் படங்களைக் கழற்றினார்கள். கழற்றிய இடங்களில் வெளுத்த கட்டங்கள் தெரிந்தன. அவற்றின் மேல் காலண்டர்களை மாட்டினார்கள். ஒரே வருஷத்துக்கு மூன்று காலண்டர் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா கேட்டார். மகள் ஒன்றைக் கழற்றி, வெளுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். அக்கா தன் துணிகளை முன் அறைக்கு மாற்றினாள்.

"இப்பவே பழகிக்கணும்," என்றாள் மகள். "திடீர்னு வாய் தவறிடும். மேடம்னே கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க மேடம்," என்றாள் அக்கா. செவ்வாய்க்கிழமை அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அப்பா முன் அறைக் கதவைத் தட்டி, "வாடகை எப்போ வரும்?" என்று அதட்டுவார். அக்கா தலையணையைத் தூக்கி அடிப்பாள். வியாழக்கிழமைக்குள் எல்லோருக்கும் நன்றாகப் பழகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அக்கா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடப் போனாள். மகள் தட்டை மூடி, "பரவால்ல மேடம், நானே போட்டுக்கறேன்," என்றாள். கரண்டி காற்றில் கொஞ்ச நேரம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் வந்தார். நடுவயதுப் பெண்மணி. கையில் குடை, கனிவான முகம், நடந்தால் சத்தமே கேட்காத செருப்பு. வாசலில் அதைக் கழற்றி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தார்.

"என்னை விருந்தாளி மாதிரி நெனச்சுக்கோங்க," என்று கூடத்தில் உட்கார்ந்தார். "பயப்படாதீங்க. எனக்கும் இதெல்லாம் நடந்ததுதான். துறையில என் தம்பியும் நானும் ஒரே நேரத்துல சேர்ந்தோம். ஆரம்பத்துல கஷ்டமா இருந்தது. இப்போ எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. போன மாசம் லிஃப்ட்ல பக்கத்துல நின்னவர் அவர்தானோன்னு ஒரு சந்தேகம். கேக்கல. எதுக்குக் கேக்கணும்?"

சுவரைச் சுற்றிப் பார்த்தார். காலண்டர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு அக்காவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூக்கு ஒரே மாதிரி இருக்கே?"

"ஒரே தண்ணியத்தானே குடிக்கிறாங்க," என்றார் அப்பா.

"அதுவும் சரிதான்," என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

அக்கா நாற்காலி நுனியில், குடித்தனக்காரி உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். குடித்தனக்காரிகள் எப்படி உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கையை மடியில் வைத்திருந்தாள். மகள் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். ஆய்வாளர் வாடகையைப் பற்றி, தண்ணீர் வசதியைப் பற்றி, வீட்டுக்காரர் பெண் எப்படி என்று கேட்டார்.

"நல்ல பொண்ணுங்க," என்றாள் அக்கா. "அதிகம் பேச்சு வார்த்தை இல்ல."

"சின்ன வயசுல எப்படி இருந்தா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஆய்வாளர் சிரித்தார். பிடிபடாத மீனைப் பார்த்து மீன்காரர் சிரிக்கிற சிரிப்பு. "சரியாச் சொன்னீங்க," என்றார்.

அப்போது சமையலறையில் பாத்திரம் விழுந்தது. கூடவே, "அம்மா!" என்று ஒரு அலறல்.

வீடு அப்படியே நின்றது. அப்பா சுவரைப் பிடித்து எழப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. அக்காவின் உடம்பு அவளைக் கேட்காமலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது. அதற்குமேல் எழவில்லை. ஆய்வாளர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கனிவு கொஞ்சமும் குறையவில்லை.

"அம்மான்னு கூப்பிட்டாளே," என்றார் ஆய்வாளர். "உறவுங்களா, வலிங்களா?"

உள்ளே மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது கேட்டது. அக்கா வாயைத் திறந்தாள்.

"வலிதாங்க," என்றாள்.

"நானும் அதைத்தான் நெனச்சேன். வலிச்சா யாரா இருந்தாலும் அம்மான்னுதான் கத்துவாங்க. அநாதைகூட அப்படித்தான் கத்துவான். அது ஆதாரமாகாது." எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "பாவம், யாராவது போய்ப் பாருங்களேன்," என்றார்.

"நான் போகலாமுங்களா?"

"தாராளமா. குடித்தனக்காரங்களுக்கும் இரக்கம் இருக்கலாம், துறை அதைத் தடுக்கல." பேனாவால் லேசாகத் தரையைக் காட்டினார். "ஆனா ஓடாதீங்க. நடந்து போங்க."

அக்கா நடந்தாள். தன் வீட்டுக் கூடம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு, முதுகின் மேல் ஒரு பார்வை நகர்ந்து வருவதை உணர்ந்துகொண்டே, யாரோ ஒருத்தர் வீட்டுப் பெண்ணுக்காக நடக்கும் வேகத்தில் நடந்தாள்.

சமையலறைத் தரையெல்லாம் டீ. ஆவி பறந்துகொண்டிருந்தது. மகள் வலது கையை இடது கையால் மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். புறங்கை முழுவதும் சிவந்து வீங்கியிருந்தது. அக்கா குழாயை முழுசாகத் திறந்து, அந்தக் கையை இழுத்துத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் கூடத்துக்கு எதுவும் கேட்காது. அவள் மகளின் காதருகே குனிந்தாள்.

"ரொம்ப எரியுதாடா? கண்ணு, இங்க பாரு... அம்மா வந்துட்டேன்ல."

மகள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு கையை மெதுவாக உருவிக்கொண்டு, தானே தண்ணீருக்கு அடியில் நீட்டினாள். அவளும் ரகசியக் குரலில்தான் பேசினாள். அது ஆய்வாளருக்குக் கேட்பதற்காகச் சொன்னது அல்ல. குரலில் கோபம் இல்லை, பயமும் இல்லை.

"நான் பார்த்துக்கறேன் மேடம். நீங்க போய் உக்காருங்க."